எடுத்துக்கங்க

அக்டோபர் 5, ஞாயிறு

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இன்று முற்பகல் ஒரு முடிவுக்கு வந்தேன். குழியிலிருந்து இரண்டடிக்குள் நிற்கும் பந்தை இனி நானே தட்டி உள்ளே போடுவேன். யார் விட்டுக்கொடுத்தாலும் ஏற்க மாட்டேன். இது உடனடியாக அமலுக்கு வருகிறது. மேல்முறையீடு கிடையாது.

பின்னணியைப் பதிவு செய்வது அவசியம். கோல்ஃபில் ஒருவரின் பந்து குழிக்கு மிக அருகில் வந்து நின்றுவிட்டால், எதிராளி "எடுத்துக்கங்க" என்று சொல்வதுண்டு. பந்து விழுந்ததாகவே கணக்கு. குனிந்து எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். ஓய்வு பெற்றதிலிருந்து நான் கெங்குசாமியோடுதான் ஆடுகிறேன். பம்ப்செட் தொழிற்சாலை வைத்திருப்பவர், தாராள மனசு. என் பந்து குழி இருக்கும் திசையில் நின்றாலே போதும், "எடுத்துக்கங்க ஜட்ஜய்யா" என்றுவிடுவார். இதன் காரணமாக, இத்தனை வருடங்களில் கிட்டத்தில் நிற்கும் ஒரு பந்தைக்கூட நான் போட்டதில்லை என்கிற உண்மை இன்றுவரை என் கவனத்துக்குக் கொண்டுவரப்படவில்லை.

இன்று மாதப் போட்டி. முதல்முறையாகப் பெயர் கொடுத்திருந்தேன். போட்டியில் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. கடைசிக் குழியில் இரண்டடி மிச்சம். அதைப் போட்டால் கோப்பை. பந்தின் மேல் குனிந்து நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். பின்னால் யாரோ இருமினார்கள். தட்டினேன். பந்து குழியின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே போக மனமில்லாமல் வெளியே நின்றுகொண்டது.

வீட்டுக்கு வந்து வசந்தாமணியிடம் முடிவை அறிவித்தேன்.

"ஏனுங்க, அப்ப இத்தன வருசமா போடாமயேதான் ஆடிட்டிருந்தீங்களா?"

"போடாமல் இல்லை. விட்டுக்கொடுத்தார்கள்."

"அதுஞ் செரி. கோர்ட்டுல வாய்தா, இங்க எடுத்துக்கங்க."

இது அவதூறு. முப்பது வருடப் பணியில் நான் கொடுத்த வாய்தாக்கள் எல்லாம் இரு தரப்பின் நலனையும் உத்தேசித்துக் கொடுக்கப்பட்டவை.

ரசத்தில் உப்பு குறைவு. வழக்கம்போல் சுட்டிக்காட்டினேன். அவளுக்கு மேல்வயிற்றில் வலி, முதுகு வரை இழுக்கிறதாம். வாயு என்கிறாள். வியாழக்கிழமை ஸ்கேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஹாலில் பயிற்சிக்களம் அமைக்கப்பட்டது. சோபாக்கள் சுவரோரம் போயின. பச்சைக் கம்பளம் நடுவில் வந்தது. குழிக்குப் பதில் ஒரு எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்தேன். எங்கள் கல்யாணத்துக்கு வந்த டம்ளர். 'அன்பளிப்பு: நாகரத்தினம்' என்று பெயர் வெட்டியிருக்கிறது. நாகரத்தினம் அக்கா வசந்தாமணிக்கு மூத்தவர். கல்யாணமாகிக் கான்பூர் போனவர், அங்கேயே ஊன்றிவிட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வசந்தாமணிக்கு என்னைத் தவிர இந்த உலகில் நெருக்கமாக இருப்பது அந்த அக்கா ஒருவர்தான்.

பந்தைத் தட்டும் கட்டைக்குப் பட்டர் என்று பெயர். "பெருமாள் கோயில் பட்டரா?" என்று வசந்தாமணி கேட்டாள். விளக்கினேன். அதன் பிறகும் அவள் அதைத் தடி என்றுதான் சொல்கிறாள்.

கிளப் நூலகத்திலிருந்து ஒரு கையேடு கொண்டுவந்தேன். முன்பக்கங்கள் கரையானுக்குப் போய்விட்டதால் எழுதியவர் யாரென்று தெரியவில்லை. எழுதியவர் சொல்வது இதுதான்: கிட்டத்துப் பந்து கையால் தவறுவதில்லை. தட்டியவுடன் என்ன ஆயிற்று என்று தலையைத் தூக்கிப் பார்க்கிற அவசரத்தால் தவறுகிறது. அல்லது, தட்டாமலே நின்றுகொண்டிருப்பதால் தவறுகிறது. கண்ணைத் தரையில் வை, உடனே தட்டு, விழுந்ததா என்பதைக் காதால் தெரிந்துகொள்.

இரண்டாவது வகையைச் சேர்ந்தவன் நான்.

அக்டோபர் 9, வியாழன்

ஸ்கேன். காத்திருக்கும் அறையின் தரைவிரிப்பில் பந்து நல்ல வேகமாக ஓடும். கட்டை கொண்டுபோகவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

டாக்டர் மீனலோசனிக்கு என் மகள் வயதிருக்கும், மகள் இருந்திருந்தால். வசந்தாமணி உள்ளே சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது என்னை நடைவழிக்கு அழைத்துப் பேசினார். கணையம் என்றார். ஈரல் வரை போய்விட்டது என்றார். மருந்து ஏற்றினால் கஷ்டம்தான் கூடும், வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"எவ்வளவு நாள்?" என்று கேட்டேன்.

"பொங்கலைப் பார்த்தாங்கன்னா பெருசு சார். யார் யாரைப் பார்க்கணும்னு ஆசைப்படறாங்களோ, இப்பவே வரச் சொல்லிருங்க. நடமாட்டத்தோட இருக்கும்போதே." பிறகு, "அவங்ககிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார்.

நானே தெரிவிப்பதாகச் சொன்னேன்.

காரில் வரும்போது வசந்தாமணி கேட்டாள். உள்ளே கொஞ்சம் வீக்கம், மாத்திரையில் வடிந்துவிடும் என்றேன். உடம்பு தேறட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். இது ஒத்திவைப்புதான், மறைப்பு அல்ல.

ஹாலில் ஒரு மணி நேரம் பயிற்சி. ஒன்றும் விழவில்லை.

ரசம் நன்றாக இருந்தது. சொன்னேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

கான்பூரிலிருந்து நாகரத்தினம் அக்கா பேசினார்.

"மாப்பிள்ளை, ஸ்கேன் எடுத்தீங்களாமே? அவகிட்ட கேட்டா சிரிக்கறா. அவ சொல்றதை நான் நம்பறதில்லை, உங்களுக்கே தெரியும்."

தெரியும். வசந்தாமணி தன் உடம்பைப் பற்றிச் சொன்ன எதுவும் வழக்கில் நின்றதில்லை. ஒருமுறை குடல்வால் வெடித்துவிட்டது என்று போனில் அழுதாள். அக்கா இரண்டு நாள் ரயிலில் வந்து இறங்கிப் பார்த்தால், பலாப்பழம். இன்னொரு முறை மாரடைப்பு. அதுவும் பலாப்பழம்தான். அதிலிருந்து என் வாக்குமூலம் இல்லாமல் அக்கா பெட்டியைத் தொடுவதில்லை.

"நீங்க ஜட்ஜ். நீங்க சொல்லுங்க. நான் இப்ப வரோணுமா?"

அது இரண்டடிதான். 'ஆமாம், வாருங்கள்.' அதற்கு மேல் ஒரு சொல் தேவையில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"மாப்பிள்ளை? லைன்ல இருக்கீங்களா?"

"அவசரம் ஒன்றுமில்லை அக்கா. பொங்கல் கழிந்து வாருங்கள்."

"அச்சா. நானும் அதுதான் நெனச்சேன். முழங்கால் இருக்கற இருப்புக்கு அலையச் சொல்லீருவீங்களோன்னு பயந்துட்டேன்."

அக்டோபர் 17, வெள்ளி

கெங்குசாமியோடு ஆட்டம். மூன்றாவது குழியில் என் பந்து ஒரு முழ தூரத்தில் நின்றது.

"எடுத்துக்கங்க ஜட்ஜய்யா."

"இல்லை. நானே போடுகிறேன்."

அவர் முகம் மாறிவிட்டது. "கொடுத்ததை வேண்டாங்கறது எங்க பக்கம் மரியாதை இல்லீங்க" என்றார். முடிவின் வரலாற்றை விளக்கினேன். கேட்டுக்கொண்டார். நான் பந்தின் மேல் நின்றேன். அவர் குடையை விரித்தார், மடக்கினார், வெற்றிலை போட்டுக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா? நான் பெருந்தன்மையில கொடுக்கலீங்க. நீங்க அதைப் போடற நேரத்துல நான் ஒரு மோட்டாரையே கழட்டி மாட்டீருவேன். என்ற பெரியப்பா பாகப்பிரிவினைக் கேசு உங்க கோர்ட்டுலதான் இருந்துச்சு, ஞாபகமிருக்குதுங்களா?"

இருக்கிறது. தீர்ப்பு தயாராகத்தான் இருந்தது.

"வாய்தா மேல வாய்தா. மனுசன் தீர்ப்புக் கேக்காமயே போய்ச் சேந்துட்டாரு."

அதன் பிறகு வாரிசுகள் சமாதானமாகப் போய்விட்டார்கள் என்பதை நினைவுபடுத்தினேன். அந்த வழக்கில் இரு தரப்புக்கும் அது நல்ல முடிவு.

பந்து விழவில்லை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

வசந்தாமணி பட்டு கட்டிக்கொண்டாள். இடுப்பில் நிற்கவில்லை. "மெலிஞ்சுட்டேன் பாருங்க, கல்யாணத்தப்ப இருந்தாப்பல" என்றாள். ஒரு அதிரசத்தில் பாதி சாப்பிட்டாள், மீதியை என் தட்டில் வைத்தாள். ரசம் மிக நன்றாக இருந்தது.

அக்டோபர் 29, புதன்

முன்னேற்றம். தலை தூக்குவது நின்றுவிட்டது. இன்னும் நிற்பதுதான் குறையவில்லை.

வசந்தாமணி இப்போது பகலிலும் படுத்துக்கொள்கிறாள். அறைக்கதவைத் திறந்தே வைக்கச் சொல்கிறாள். பந்து டம்ளரில் விழுந்தால் 'டங்' என்று சத்தம் வரும். விழாவிட்டால் ஒன்றும் வராது.

"அக்காளுக்குள்ள போச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். இல்லாவிட்டால், "அக்கா வேண்டாம்னுட்டா."

"எத்தன அடிங்க அது?" என்று இன்று கேட்டாள்.

"இரண்டு."

"அவ்வளவுதானா? நான் என்னமோ தெருக்கோடியிலிருந்து அடிக்கறீங்கன்னு நெனச்சேன். மூச்சைப் பிடிச்சுட்டு நிக்கறது இங்க வரைக்கும் கேக்குதுங்க. தட்டித் தொலைங்க."

நவம்பர் 2, ஞாயிறு

மாதப் போட்டிக்குப் போகவில்லை. மழை என்று எழுதிக்கொள்ளலாம். மழை பெய்யவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

டாக்டர் மாத்திரையை மாற்றினார். இது வலிக்கு, கொஞ்சம் தூக்கம் வரும் என்றார். "சொல்லிட்டீங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்றேன். என்னைச் சற்று நேரம் பார்த்தார். எனக்கு முன்னால் நின்ற வக்கீல்கள் என்னை அப்படிப் பார்த்ததுண்டு.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று சொல்லிவிடுவது என்று காலையிலேயே தீர்மானித்தேன். குளித்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். அவள் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் கொய்யாப்பழத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள், தின்னவில்லை.

"வசந்தா."

"ம்."

"டாக்டர் அன்றைக்கு என்னிடம்..."

நின்றேன். வாக்கியத்தின் எஞ்சிய பகுதி அங்கேதான் இருந்தது, கைக்கெட்டும் தூரத்தில். அவள் கொய்யாவைக் கீழே வைத்தாள்.

"எடுத்துக்கங்க" என்றாள்.

"என்ன?"

"எடுத்துக்கங்கன்னேன். எனக்குத் தெரியுமுங்க. நீங்க போட வேண்டாம்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். டாக்டர் சொன்னாரா?

"அந்தப் புள்ள என்னத்தச் சொல்லுது. ஸ்கேன் முடிவு பாத்துட்டு வந்த அன்னைக்கு ரசம் நல்லா இருக்குன்னீங்க. முப்பத்தொம்பது வருசத்துல ஒரு நாள் சொன்னதில்ல. அன்னைக்கு மறந்தாப்பல உப்பே போடலீங்க நான்."

அவள் சிரிக்க ஆரம்பித்து, விலா வலித்து, நிறுத்திக்கொண்டாள்.

"எவ்வளவு நாள்னு மட்டும் சொல்ல வேண்டாம். ஆனா ஒண்ணு. என்ற அக்காளைப் பாக்கோணும். இது சும்மா பலாப்பழம் இல்லைன்னு நான் சொன்னா அவ சிரிப்பா. நீங்க சொன்னாத்தான் வருவா. எனக்குச் சொல்றதைக் கொடுத்துட்டேன். அக்காளுக்குச் சொல்றதை மட்டும் நான் கொடுக்க மாட்டேன். அதை நீங்கதான் போடோணும்."

போடுகிறேன் என்றேன்.

பிற்பகலில் ஹாலில் தட்டியதெல்லாம் விழுந்தது. இவ்வளவு இலகுவாக என் கை இருந்ததில்லை.

நவம்பர் 17, திங்கள்

கான்பூரில் அக்கா வீட்டில் வெள்ளையடிக்கிறார்களாம். சத்தத்தில் பேசுவது முறையல்ல.

நவம்பர் 18, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை. இந்த மாதிரிச் செய்தியைச் செவ்வாயன்று சொல்வதை அக்கா விரும்ப மாட்டார்.

நவம்பர் 20, வியாழன்

அமாவாசை. பார்க்க, முந்தைய பதிவு.

நவம்பர் 24, திங்கள்

அக்காவோடு பேசினேன். முதலில் கான்பூர் குளிர் பற்றி அவர் சொன்னார். நான் கோவைக் குளிர் பற்றிச் சொன்னேன். பிறகு, "நீங்கள் வந்தால் வசந்தா சந்தோஷப்படுவாள்" என்றேன்.

"அவ என்னைக்கு நான் வந்து சந்தோஷப்படல? ஏன் மாப்பிள்ளை, ஏதாச்சும்..."

"ஒன்றுமில்லை. வந்தால் நன்றாயிருக்கும் என்று."

"பொங்கலுக்குத்தான் வரேனே. டிக்கெட்டே போட்டாச்சு."

சரி என்றேன்.

வசந்தாமணி அறையிலிருந்து கேட்டாள். "சொல்லீட்டீங்களா?"

"பேசிவிட்டேன்."

"என்ன சொன்னா?"

"வருகிறேன் என்றார்."

இந்தச் சாட்சியத்தில் பொய் எதுவும் இல்லை. தேதி கேட்கப்படவில்லை.

நவம்பர் 27, வியாழன்

வீட்டில் ஒரே நடமாட்டம். வேலைக்கு வரும் சரசாளைப் பிடித்து, விருந்தினர் அறையின் மெத்தையை வெயிலில் போடச் சொன்னாள் வசந்தாமணி. அக்காளுக்கு மோர் மிளகாய் பிடிக்குமாம், கட்டிலில் உட்கார்ந்தபடி மிளகாய் கீறிக் கொடுத்தாள். பாதியில் களைத்துப்போய்க் கத்தியை என்னிடம் நீட்டினாள். மீதியை நான் கீறினேன். கண்ணில் பட்டுவிட்டது. வெகுநேரம் எரிந்தது.

"ஏனுங்க, மிளகாய்க்கா இத்தனை தண்ணி?"

"மிளகாய்க்குத்தான்."

நவம்பர் 30, ஞாயிறு

அக்காவும் தங்கையும் இன்று போனில் பேசிக்கொண்டார்கள். நான் ஹாலில் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளையடித்த நிறம், பேத்தியின் பரீட்சை, யாரோ ஒரு மிஸ்ராவின் பசுமாடு. போனை வைத்ததும் வசந்தாமணி என்னைக் கூப்பிட்டாள்.

"கெட்டிக்காரிங்க என்ற அக்கா. ஓன்னு அழுவான்னு நெனச்சேன். ஒரு சொட்டு அழல. எல்லாம் எனக்காக அடக்கிக்கறா. நானும் ஒண்ணும் காட்டிக்கல. எப்ப வரேன்னுதான் சொல்ல மாட்டேங்கறா. திடீர்னு வந்து நிக்கலாம்னு இருப்பா போல."

இருக்கலாம் என்றேன்.

"வந்தா வாசல்லயே நிறுத்தி அழ விட்டுட்டு அப்புறமா உள்ள கூட்டிட்டு வாங்க. எனக்கு முன்னால வேண்டாம்."

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். சரசாள் விளக்கு வைத்தாள். தெருவில் ஒவ்வொரு ஆட்டோ நிற்கும் சத்தத்துக்கும் வசந்தாமணி தலையைத் தூக்குகிறாள். தூக்கக் கூடாது என்று கையேட்டில் இருப்பதை நான் சொல்லவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

மாதப் போட்டி. போகச் சொல்லி வசந்தாமணிதான் வற்புறுத்தினாள். நான் வீட்டில் இருந்தால் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறேனாம், அது தூக்கத்தைக் கெடுக்கிறதாம்.

கடைசிக் குழி. இரண்டடிக்குச் சற்றுக் கூடுதல். கெங்குசாமி ஓரமாக நின்று வாயைப் பொத்திக்கொண்டார், பழக்கதோஷத்தில் "எடுத்துக்கங்க" என்று சொல்லிவிடக்கூடாதே என்று. கண்ணைத் தரையில் வைத்தேன். உடனே தட்டினேன். சத்தம் கேட்டது.

"ஜட்ஜய்யா! தீர்ப்புச் சொல்லீட்டீங்க!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்.

வெள்ளிமுலாம் பூசிய கோப்பை. வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். விழித்ததும் பார்த்தாள்.

"அக்கா வந்தாளா?" என்றாள்.

கோப்பை என்றேன்.

"ஓ" என்றாள்.

டிசம்பர் 11, வியாழன்

வலிக்கு இப்போது தோளில் ஒட்டும் மருந்து. கஞ்சி மட்டும், அதுவும் நான்கு வாய். கஞ்சிக்கு அந்த டம்ளர்தான் வேண்டும் என்றாள். கழுவிக் கொடுத்தேன். பயிற்சிக்கு வேறு டம்ளர். அதன் ஒலி தட்டையாக இருக்கிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

காலையில் வசந்தாமணி நல்ல தெளிவோடு இருந்தாள். தலைமுடியைச் சீவி விடச் சொன்னாள். சீவினேன். பின்னல் எனக்கு வராது, முடிச்சுப் போட்டேன்.

"நீங்க அக்காளுக்குச் சொல்லல" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

சீப்பிலிருந்த முடியை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நேத்து பேசறப்ப, பொங்கலுக்கு என்ன கலர் சேலை வேணும்னு கேக்கறா. நான் கட்டறது பச்சையா நீலமான்னு. அப்பத்தான் தெரிஞ்சுது."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். முப்பத்தொன்பது வருடமாக உப்புக்கும் ஈரத் துண்டுக்கும் திட்டியவள். திட்டவில்லை. போனை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"போடுங்க. நான் பாத்துட்டிருக்கேன்."

போட்டேன். மணி அடித்தது. அக்கா எடுத்தார்.

"அக்கா, வசந்தா பிழைக்க மாட்டாள். இன்னும் சில நாள்தான். உடனே வாருங்கள்."

உண்மையில் அது மிகச் சிறியது. மூன்று வாக்கியங்கள்.

"மாப்பிள்ளை, நீங்க சொல்றீங்களா, அவ சொல்லச் சொன்னாளா?"

"நான்தான் சொல்கிறேன்."

"எப்பத் தெரியும்?"

"அக்டோபரில்."

"பொங்கல் கழிஞ்சு வரச் சொன்னீங்களே" என்றார் அக்கா. அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ ஒரு முகவரியைச் சரிபார்க்கிற மாதிரி கேட்டார். அப்புறம் அழும் சத்தம் வந்தது. வசந்தாமணி என் கையிலிருந்து போனை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். "அழாத. அழாதடி அக்கா. இந்தத் தடவை பலாப்பழம் இல்ல" என்றாள்.

டிசம்பர் 15, திங்கள்

லக்னோவிலிருந்து விமானத்துக்கு முயன்றார்கள். பனிமூட்டம், விமானங்கள் கிளம்பவில்லை. நாளைக்கு ரயிலில் இடம் கிடைத்திருக்கிறது. அக்காவும் அவர் மகனும் வருகிறார்கள்.

டிசம்பர் 16, செவ்வாய்

பனிமூட்டம். ரயில் ரத்து.

வசந்தாமணியிடம் சொன்னேன். "கான்பூர்ல மார்கழின்னா அப்படித்தான். அதுக்குத்தான் நான் போறதேயில்ல. குளிர் எனக்கு ஆகாது" என்றாள். ஒரு போர்வை கூடுதலாகக் கேட்டாள். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

டிசம்பர் 17, புதன்

அக்கா ரயில் ஏறிவிட்டார். பல மணி நேரத் தாமதம், ஆனாலும் நகர்கிறது.

டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். என்னிடம் தனியாக ஒன்றும் பேசவில்லை. பேசுவதற்கு ஒன்றுமில்லை போலும்.

பிற்பகலில் வசந்தாமணி கண்ணைத் திறக்காமல், "ஏன் தட்ட மாட்டேங்கறீங்க?" என்றாள்.

"சத்தம் தொந்தரவாக இருக்குமே."

"தட்டுங்க. சத்தம் வந்தா பக்கத்துல இருக்கீங்கன்னு தெரியுது."

ஹாலுக்குப் போய்த் தட்டினேன்.

"விழுந்துருச்சு" என்றாள் உள்ளேயிருந்து.

இன்னொன்று தட்டினேன். "விழுந்துருச்சு." அப்புறம் ஒன்று தவறிப்போய்ச் சோபாவுக்கு அடியில் உருண்டது. அதற்கும் "விழுந்துருச்சு" என்றாள்.

நாற்காலியைக் கட்டிலருகே போட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 18, வியாழன்

வசந்தாமணி இன்று பிற்பகல் மூன்று மணிக்கு இறந்தாள்.

மாலையில் அவள் பெரியப்பா வழி ஆட்கள் வந்துவிட்டார்கள். கெங்குசாமி வந்து நாற்காலிகளுக்கும் பந்தலுக்கும் ஏற்பாடு செய்தார். ஹாலில்தான் கிடத்த வேண்டும், வேறு இடமில்லை. கம்பளத்தைச் சுருட்டினார்கள். சோபாவுக்கு அடியிலிருந்து ஒரு பந்து உருண்டு வந்தது. யாரோ அதை எடுத்து ஜன்னல் மேல் வைத்தார்கள்.

"எப்ப எடுக்கறதுங்க?" என்று என்னிடம் கேட்டார்கள். சாவு வீட்டில் அதுதான் முதல் கேள்வி. அக்கா வரட்டும் என்றேன். எப்போது வருவார் என்று கேட்டார்கள்.

அக்கா ரயிலிலிருந்து பேசினார். வழியில் எங்கோ நிற்கிறதாம். நாளை வருமா, மறுநாளா என்று டிக்கெட் பரிசோதகருக்கே தெரியவில்லையாம்.

"பெட்டியில் ஐஸ் வைத்து ஒரு நாள், இரண்டு நாள் வைக்கலாம் அக்கா. நீங்கள் வந்த பிறகு..."

"வேண்டாம் மாப்பிள்ளை."

"நீங்கள் பார்க்க வேண்டாமா?"

"அவளை ஐஸ்ல வைக்காதீங்க. குளிர் அவளுக்கு ஆகாது." ரயில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. நின்றுகொண்டுதான் இருந்தது. "காலையில எடுத்துருங்க" என்றார்.

டிசம்பர் 19, வெள்ளி

காலை பத்தரை மணிக்கு எடுத்தாயிற்று.

நாகரத்தினம் அக்கா மாலை நான்கு மணிக்கு வந்து சேர்ந்தார்.